யாருங்க சொன்னது?

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்காமல் இல்லை. முதல் நாள் வேலை முடிந்ததும் கைபேசியை எடுத்து, "பேரைச் சொல்லுங்க, பதிஞ்சு வெச்சுக்கறேன்" என்றேன். "பேரெல்லாம் எதுக்குங்க, ஜெனரேட்டர்னு போட்டுக்கோங்க" என்றார். போட்டுக்கொண்டேன். அதன் பிறகு அவர் கூப்பிடும்போதெல்லாம் திரையில் ‘ஜெனரேட்டர் அழைக்கிறது’ என்று வரும். என் மனைவி அதை இரண்டு முறை பார்த்தாள். நான் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது அவள் முடிவு.

முதலிபாளையத்தில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கம்பெனிகளுக்கு ஜெனரேட்டர் பார்ப்பதும், அதற்கான பேட்டரி, சார்ஜர் மாட்டுவதும்தான் தொழில். ஒல்லியான ஆள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். இடது புருவம் பாதிதான் இருக்கும். இருந்த பாதியும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் நீங்கள் என்ன சொன்னாலும் சந்தேகப்படுகிற மாதிரி ஒரு முகம். உண்மையில் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் அப்போது வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அட்மின் மேனேஜர். தைப்பதைத் தவிர மற்றதெல்லாம் அட்மின். கக்கூஸ் குழாயிலிருந்து கேண்டீன் போண்டா வரைக்கும் என் ஆளுகை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். வந்த இத்தனை வருடத்தில் இந்த ஊரிடம் நான் கற்றுக்கொண்டது ‘ங்க’ ஒன்றுதான். மதிய இடைவேளையில் ஜெனரேட்டர் அறையில் போய் உட்கார்ந்து தடித்தடியான நாவல்கள் படிப்பேன். அங்கே யாரும் என்னைத் தேட மாட்டார்கள். ஜெனரேட்டரை மட்டும் படித்ததில்லை.

முதல் தடவை அவர் வந்தது மாடிப்படிக்குக் கீழே இருந்த சேஞ்சோவர் பெட்டியைப் பார்க்க. கரன்ட் போனால் லைனை ஜெனரேட்டருக்கு மாற்றிவிடுகிற பெட்டி அது. நான் அதன் கதவைத் திறந்து விட்டு, "மெயின் ஆஃப்தாங்க. தைரியமா கை வைங்க" என்றேன்.

"யாருங்க சொன்னது?"

குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்கிற ஆசைதான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

"எங்க எலக்ட்ரீஷியன் சொன்னாருங்க."

"அவருக்கு யாருங்க சொன்னது?"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். வாச்மேன் சொன்னதாகச் சொன்னார். வாச்மேனைக் கூப்பிட்டோம். கேண்டீன் அக்கா சொன்னதாக அவர் சொன்னார். தூத்துக்குடிக்காரரான கேண்டீன் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஆமா சார், கேண்டீன்ல ஃபேன் நின்னுட்டுல்லா. கரன்டு போயிருக்கும்னு நாந்தான் வாச்மேன் அண்ணாச்சிட்ட சொன்னேன்."

"எப்பங்க அம்மிணி நின்னுது?"

"பொங்கலுக்கு."

அப்போது ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது.

அவர் பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். ஹோல்டரில் மாட்டிய சாதாரணக் குண்டு பல்பு. அதிலிருந்து இரண்டு ஒயர். ஆஃப் என்று நாங்கள் நான்கு பேர் சாட்சி சொன்ன இடத்தில் அந்த ஒயர்களை வைத்தார். பல்பு பளீரென்று எரிந்தது. என் கை அதற்கு ஒரு சாண் தூரத்தில், தைரியமாக இருந்தது.

"பரவால்லீங்க" என்றார், என்னைத் தேற்றுகிற மாதிரி. "எல்லாரும் நல்ல மனசோடதானுங்க சொல்லியிருக்காங்க."

பிறகு மெயினை அவரே போய் நிறுத்தினார். நிறுத்தியதையும் நம்பவில்லை. மெயினுக்கு மேலே, இன்னும் கரன்ட் ஓடுகிற லைனில் பல்பை வைத்துப் பார்த்தார், எரிந்தது. நிறுத்திய லைனில் வைத்தார், எரியவில்லை. திரும்ப ஓடுகிற லைனில் வைத்தார், எரிந்தது. "மூணாவது எதுக்குங்க?" என்றேன். "நடுவுல பல்பே செத்துப் போயிருந்தா? அப்ப கரன்ட் இருந்தாலும் எரியாதுங்களே."

இந்த மூன்று முறைக் கணக்கை அவர் வேலையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் உறவுக்காரர்களோடு நல்லபடியாக இருந்திருப்பார். அவருடைய தாய்மாமன் இறந்த வீட்டில் நடந்ததை அவரே சொன்னார். போனவுடன் யாரோ, "மாமன் போயிட்டாருங்க" என்று அழுதிருக்கிறார்கள். இவர் வாய் தானாக, "யாருங்க சொன்னது?" என்று கேட்டுவிட்டது. கேட்டதோடு விடவில்லை. முதலில் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், நாடி ஓடியது. பிறகு மாமன் மணிக்கட்டை. பிறகு மறுபடி தன் மணிக்கட்டை. ஒப்பாரி வைத்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு இவர் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்களாம். "சரியாத்தானுங்க சொல்லியிருக்காங்க" என்று இவர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் மூன்று வருடம் இவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் என் பொய்யைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி வந்தது.

பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆடிட் வரும் முன் கம்பெனிகள் ஒரு ஃபாரம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: ஜெனரேட்டர் தானாக ஓடுமா, அதன் பேட்டரிக்கு நிரந்தர சார்ஜர் பொருத்தப்பட்டுள்ளதா? பொருத்தப்பட்டுள்ளது என்று டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருந்தேன். அவ்வளவு பெரிய ஜெனரேட்டரில் அது இல்லாமலா இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆடிட்டுக்கு முந்தின வாரம், எதற்கும் பார்க்கலாமென்று மெயினை நிறுத்தச் சொன்னேன். ஜெனரேட்டர் ‘டக்’ என்றது. அதற்கு மேல் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி செத்திருந்தது. சார்ஜர் என்று எதுவும் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை ஆடிட்டர் வந்து மெயினை நிறுத்திப் பத்து எண்ணுவார். அதற்குள் ஜெனரேட்டர் ஓடாவிட்டால் ஆர்டர் போய்விடும். நான்கு தையல் லைனும் சும்மா உட்காரும். என் வேலை அதற்கு முன்பே போய்விடும்.

ஜெனரேட்டர்காரரைப் போனில் பிடித்து ஒப்புக்கொண்டேன்.

"சார்ஜர் இருக்குதுன்னு எழுதுனது யாருங்க?"

"நான்தாங்க."

"சரிங்க. சனிக்கிழமை வந்து அதை நெசமாக்கிப் போடலாமுங்க."

சனிக்கிழமை காலை இரண்டு புது பேட்டரி, ஒரு சார்ஜர், ஒரு கிலோ ஆப்ப சோடா எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். சோடா, ஆசிட் சிந்தினால் மேலே போட. கேண்டீன் அக்கா அதைச் சமையலறைக்கு எடுத்துப்போகப் பார்த்தது தனிக்கதை.

எங்கள் முதலாளியும் பார்க்க வந்துவிட்டார். தறிக்குடும்பத்திலிருந்து பனியனுக்கு வந்தவர். முருகனைக் கேட்காமல் ஒரு ஊசி மாற்ற மாட்டார். ஜெனரேட்டர் அறை வாசலில் எங்கள் எல்லோரையும் நிறுத்தி, "உடம்புல இருக்கற இரும்பு, வெள்ளி, தங்கம் எல்லாத்தையும் கழட்டோணுமுங்க. பேட்டரி மேல பட்டா வெல்டிங்தானுங்க" என்று ஒரு டிபன் தட்டை நீட்டினார் நம்மவர். நான் வாட்சைப் போட்டேன். முதலாளி நவரத்தின மோதிரம், காப்பு, முருகன் டாலர் போட்ட சங்கிலி என்று போட்டுக்கொண்டே இருந்தார். தட்டு நிறைந்தது.

"அவ்வளவுதானுங்க" என்றார் முதலாளி.

"யாருங்க சொன்னது?"

முதலாளி முகம் சிவந்தது. "இடுப்புல வெள்ளி அரைஞாண் இருக்குதுங்க. அதைச் செத்தாத்தானுங்க கழட்டுவாங்க!"

"அதுக்குத்தானுங்க சொல்றேன்" என்றார் இவர், மிகுந்த மரியாதையோடு.

கடைசியில் முதலாளி வாசலுக்கு வெளியே ஒரு கோட்டுக்கு அப்பால் நிற்பது என்று உடன்பாடு ஆயிற்று. நம்மவர் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

உள்ளே பேட்டரிக்கு நேர் மேலே, சுவரில் ஒரு மரப்பலகை. அதில் முருகன் படம், அதன் முன்னால் எரிந்துகொண்டிருந்த எண்ணெய் விளக்கு. முதலாளி உத்தரவு. தினமும் காலை கேண்டீன் அக்கா ஏற்றுவார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் வேலைப் பட்டியலில் ‘விளக்கு’ என்று இருந்தது. அந்த வெளிச்சத்தில், பேட்டரி பக்கத்தில் முக்காலி போட்டுத்தான் நான் நாவல் படித்துக்கொண்டிருந்தேன்.

"அணை" என்றார்.

அவ்வளவுதான். ‘ங்க’ இல்லை. பேட்டரி செத்துப்போனால்கூட "கோவிச்சுக்கிட்டாங்க" என்று சொல்கிற மனிதர். அக்கா ஓடிப்போய் விளக்கை அணைத்தார்.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மனிதரானார். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஒரு கேஸ் கிளம்பும், கண்ணுக்குத் தெரியாது, வாசனை இல்லை, மேலேதான் போகும், நெருப்பைப் பார்த்தால் வெடிக்கும். இதுவரைக்கும் எப்போதாவது, இனிமேல் சார்ஜர் போட்டால் நாள் பூரா கிளம்பலாம். படத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றார்.

முதலாளி கோட்டுக்கு அப்பால் நின்றுகொண்டு கேட்டார்: "கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் இல்ல. அப்புறம் இருக்குதுன்னு யாருங்க சொன்னது?"

நான் அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, இத்தனை நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல, "நியாயமான கேள்விங்க" என்றார். பர்ஸிலிருந்து ஒரு கல்யாணப் போட்டோவை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளைக் கோலத்தில் அவர். இரண்டு புருவமும் மையால் வரைந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே. பக்கத்தில் மணப்பெண் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தார்.

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடிங்க. புதுச் சார்ஜர் போட்டுட்டு, நல்ல காரியத்துக்கு முன்னாடின்னு பேட்டரி முன்னால சூடம் ஏத்துனேன். ஒண்ணும் ஆகாதுன்னு கூட இருந்தவர் சொன்னாருங்க. அவருக்கு யார் சொன்னதுன்னு நான் கேக்கல. வலது பக்கம் முழுசா முளைச்சிருச்சுங்க. இடது பக்கம் இவ்வளவுதான்."

முதலாளி போட்டோவையும் புருவத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "சரிங்க. ஆனா சாமியைக் கேக்காம நகத்த முடியாது. பூ வெச்சுக் கேட்டர்லாம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். சாமி முன் போட்டுக் குலுக்கி ஒருவர் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் கட்டுகிற வேலை, அட்மின் என்பதால், எனக்கு.

நான் பூக்கூடையோடு மூலைக்குப் போனேன். திங்கட்கிழமையை நினைத்தேன். நான்கு லைனை நினைத்தேன், என் வீட்டு வாடகையையும். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைக் கட்டினேன்.

"சார், நான் வேதக்காரி, எடுக்கலாமா?" என்றார் அக்கா.

"மனசு சுத்தமா இருந்தாப் போதுமுங்க அம்மிணி" என்றார் முதலாளி.

‘இடம் மாறச் சம்மதமா சாமி?’ அக்கா எடுத்தார். வெள்ளை. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகனே சொல்லிட்டாரு!"

எனக்கு அப்போதே தெரியும், என்ன வரப்போகிறதென்று. பாதிப் புருவம் மேலே போனது.

"சாமி தப்பாச் சொல்ல மாட்டாருங்க. பொட்டலம் சரியா வேலை செய்யுதான்னு பாக்கோணுமுங்க. பதில் தெரிஞ்ச கேள்வி ஒண்ணு கேளுங்க."

முதலாளி திகைத்தார். ஆனால் மிஷின் விஷயத்தில் நியாயம் என்றால் ஒத்துக்கொள்கிறவர். யோசித்து, "சாமி, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?" என்றார். அக்கா மிச்சமிருந்த பொட்டலத்தையும் பழையதையும் போட்டுக் குலுக்கி எடுத்தார். வெள்ளை. முருகன் கணக்கில் சனிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

நம்மவர் கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். பிரிக்கவில்லை. என் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க."

பிரித்தேன். "நான்தாங்க" என்றேன். அந்த வாரத்தில் இரண்டாவது முறை.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். சம்பளத்தைப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏனுங்க மேனேஜரு, பையரை ஏமாத்துனா பொழப்புன்னு உடலாம். முருகனையேவா?"

இந்த முறை அக்கா கட்டினார். நம்மவர் முறைப்படி நடத்தினார். முதலில் தெரிந்த கேள்வி: இன்னிக்குச் சனிக்கிழமையா? வெள்ளை. சரி. அடுத்து உண்மையான கேள்வி: இடம் மாறச் சம்மதமா? அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். செவ்வரளி.

முதலாளி, "சாமி மாட்டேங்குது. இனி பேச்சில்ல" என்று திரும்பி நடந்தார்.

"இன்னொண்ணு பாக்கி இருக்குதுங்க" என்றார் இவர். "மூணாவது."

முதலாளி நின்றார். நம்மவர் முதல் கேள்வியையே மறுபடி கேட்கச் செய்தார்: இன்னிக்குச் சனிக்கிழமையா? அக்கா எடுத்தார். செவ்வரளி.

"பல்பு போச்சுங்க" என்றார் அவர், வருத்தத்தோடு. "நடுவுல சொன்னதை எடுத்துக்க முடியாதுங்க."

"அப்ப நான் என்ன பண்றதுங்க?"

"தெரியலீங்க. இதை நீங்களே யோசிச்சு முடிவு பண்ணோணும்னு சாமி விட்டுட்டாரு போலிருக்குதுங்க."

முதலாளி வெகு நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு கோட்டைத் தாண்டி, அரைஞாணோடு உள்ளே போகப் போனார். நம்மவர் கையை விரித்து மறித்தார். "பேட்டரியை மூடிக்கறேன், அப்புறம் வாங்க" என்று ஒரு தடித்த ரப்பர் பாயை அதன் மேல் விரித்தார். முதலாளி தன் கையாலேயே படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார். வேறு நல்ல சுவர் இல்லாததால் என் அறையில், என் நாற்காலிக்கு நேர் எதிரே, மாட்டினார்.

அதன் பிறகு வேலை மூன்று மணி நேரம். ஜெனரேட்டர் தானாகக் கிளம்பிவிடாதபடி சிவப்புப் பொத்தானை அழுத்தி, சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். சார்ஜரைப் பேட்டரிக்கு மேலே இல்லாமல், அதிர்கிற ஜெனரேட்டர் உடம்பிலும் இல்லாமல், தள்ளி ஒரு சுவரில் மாட்டினார். பழைய ஒயர்களில் சிவப்பு பிளஸ் என்று எலக்ட்ரீஷியன் சொல்ல, "யாருங்க சொன்னது?" என்று மீட்டரை வைத்துப் பார்த்தார், முன்பு யாரோ கறுப்பு ஒயர் தீர்ந்துபோனதால் மைனஸுக்கும் சிவப்பையே மாட்டியிருந்தார்கள். பிளஸ்ஸை முதலில், மைனஸைக் கடைசியில் முடுக்கினார். எல்லாம் முடிந்து சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தபோது கைதட்டப் போனேன். அவர் பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு சொன்னதையும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை கூப்பிடாமலேயே வந்துவிட்டார். ஆடிட்டர் ஒரு சென்னை அம்மாள். கைபேசியில் ஸ்டாப்வாட்ச். நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லா ஸ்விட்சுக்கும் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். ‘மெயின்’ என்று ஒட்டியிருந்ததை அந்த அம்மாள் இறக்கினார். தையல் ஹாலில் லைட், ஃபேன் எல்லாம் நின்றது. எண்ணினார். ஐந்து. எட்டு. பத்து. ஜெனரேட்டர் ‘டக்’ என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த அம்மாள் பேனாவைத் திறந்தார். முதலாளி கண்ணை மூடினார்.

"மேடம், கரன்ட் போச்சுன்னு யாருங்க சொன்னது?"

"பார்த்தா தெரியலையா? இருட்டா இருக்கு!"

அவர் சேஞ்சோவர் பெட்டிக்குப் போய்ப் பல்பை வைத்தார். பளீர். "கரன்ட் இருக்குதுங்க. இருக்கறப்ப ஜெனரேட்டர் ஏனுங்க ஓடோணும்? அதும்பாட்டுக்குச் சரியாத்தானுங்க இருக்குது." பிறகு ஸ்டிக்கரைப் பார்த்தார். நான் ஒட்டிய இடம் ஹால் லைட், ஃபேனுக்கான ஸ்விட்ச். என்னைப் பார்த்தார். நான் அவர் கேட்கும் முன்பே, "நான்தாங்க" என்றேன்.

உண்மையான மெயினை இறக்கினார்கள். ஆறு எண்ணும்போது கட்டடம் அதிர்ந்தது. ஏழில் எல்லா விளக்கும் எரிந்தன. நான்கு லைனிலும் ஊசிகள் ஓட ஆரம்பித்தன.

ஆடிட்டர் அத்தோடு விடவில்லை. சார்ஜரின் பிளாஸ்டிக் உறையைச் சுண்டிப் பார்த்தார். "போன மாசமே இது இருக்குன்னு எழுதியிருக்கு. உறைகூடப் பிரிக்கலையே. யார் எழுதினது?"

அன்று காலையிலிருந்து எதிரே முருகனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதிப் புருவம் வேறு பக்கத்தில் நின்றது. "நான்தான் மேடம். அன்னிக்கு இது இல்ல."

ஆர்டர் தப்பியது. என் வேலையும் தப்பியது. ஆனால் அந்த அம்மாள் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: மேனேஜர் சொல்வதை இன்னொருவர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அந்த இன்னொருவராக முதலாளி கேண்டீன் அக்காவைப் போட்டார். அங்கே இருந்த கடைசி நாள் வரைக்கும் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தும் இருக்கும். டீத்தூள் வந்ததற்குக்கூட.

இதெல்லாம் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை. போன மாதம் பழைய எலக்ட்ரீஷியனைக் கடைவீதியில் பார்த்தேன். "அந்த ஜெனரேட்டர் அண்ணன் போயிட்டாராமுங்க" என்றார்.

"யாருங்க சொன்னது?"

என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் டீக்கடையில் கேள்விப்பட்டாராம். டீக்கடைக்காரருக்குப் பேட்டரிக் கடைக்காரர் சொன்னாராம். பேட்டரிக் கடைக்குப் போனேன். கொட்டகை மூன்று நாளாகப் பூட்டியிருக்கிறது என்றார். அவ்வளவுதான் சாட்சி.

தெருவோரம் நின்று முதலில் என் மனைவியைக் கூப்பிட்டேன். எடுத்து, எங்கே தொலைந்தீர்கள் என்றாள். லைன் இருக்கிறது. பிறகு ‘ஜெனரேட்டர்’. வெகு நேரம் அடித்தது.

"சொல்லுங்க" என்றது குரல்.

உண்மையையே சொன்னேன். "நீங்க இறந்துட்டதா சொன்னாங்க."

"யாருங்க சொன்னது?"

எலக்ட்ரீஷியன், டீக்கடை, பேட்டரிக் கடை, பூட்டிய கொட்டகை என்று வரிசையாகச் சொன்னேன். மகள் ஊட்டுக்குப் போயிருந்தேனுங்க என்று சொல்வார், இருவரும் சிரிப்போம் என்று பார்த்தேன். அவரோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று போனை எங்கோ வைத்தார். தூரத்தில் அவர் மனைவியைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"அம்மிணி, இங்க வா. கையக் கொஞ்சம் நீட்டு."

வளையல் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் மறுபடி வளையல் சத்தம்.

போனை எடுத்தார்.

"இருக்கேனுங்க."